எந்த எல்எஸ்டி என்று கேட்பதற்கு முன்

போன ஞாயிற்றுக்கிழமை காலை பிரிக்ஃபீல்ட்ஸில் பசியாறிக்கொண்டிருந்தோம். தோசை வருவதற்குள் அக்கா மகன் கைப்பேசியை என் முன்னால் நீட்டினான்.

"மாமா, இதைத்தான் வாங்கப் போறேன். பிளேட் எல்எஸ்டி, 2-வே. 5,000 வெள்ளி சேர்த்து வச்சிருக்கேன்."

அவனிடம் இருப்பது பழைய புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ. 1998-இல் அறிமுகமான மாடல். 1.8 லிட்டர் இரட்டை கேம் இன்ஜின், லோட்டஸ் செம்மைப்படுத்திய சஸ்பென்ஷன், ரெக்காரோ இருக்கை. நம் நாட்டு இளைஞர்கள் இன்றும் தேடித் தேடி வாங்கும் கார்.

"எதுக்குடா எல்எஸ்டி?" என்றேன்.

"பத்துமலையைத் தாண்டி உலு யாம் போற மலைச்சாலையில, வளைவு முடியும்போது எண்ணெய் மிதிச்சா உள்பக்கச் சக்கரம் சும்மா சுத்துது. கார் முன்னால போக மாட்டேங்குது."

அவன் சொன்னது உண்மைதான். வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். இரண்டு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல்வதற்காகத்தான் கியர்பாக்ஸுக்குள் டிஃபரன்ஷியல் இருக்கிறது. சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு பக்கமும் ஒரே அளவு இழுவிசையைத்தான் தரும். வளைவில் காரின் எடை வெளிப்பக்கம் சாய்கிறது. உள்பக்கச் சக்கரம் தரையை லேசாகத்தான் தொடுகிறது. அது 50 பங்கு விசையைத்தான் தாங்கும் என்றால், மறுபக்கத்துக்கும் கிடைப்பது அதே 50 பங்குதான். மீதி வெறும் சுழற்சியாக வீணாகிறது. இந்த வீணைக் குறைப்பதே லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல், சுருக்கமாக எல்எஸ்டி.

கடையில் கிடைப்பவை பெரும்பாலும் இரண்டு வகை.

முதலாவது பிளேட் வகை. ஜப்பானின் கஸ்கோ, காஸ் போன்றவை இதற்குப் பெயர் பெற்றவை. உள்ளே கிளட்ச் தகடுகள் அடுக்கியிருக்கும். அவை அழுந்தும்போது இரண்டு சக்கரங்களும் சேர்ந்து சுழலும். ஒரு சக்கரம் தரையை விட்டு எழும்பினாலும் மற்றது இழுக்கும். 1-வே என்றால் எண்ணெய் மிதிக்கும்போது மட்டும் பிடிக்கும், 2-வே காலை எடுத்தாலும் பிடிக்கும், 1.5-வே இரண்டுக்கும் நடுவில். முன்சக்கரம் இழுக்கும் காரில் 2-வே போட்டால், வளைவுக்குள் நுழையும்போது கார் திரும்ப மறுத்து நேராகத் தள்ளும். நனைந்த சாலையில் இது விளையாட்டல்ல. தகடுகள் தேயும், அந்தத் துகள் கியர் எண்ணெயில் கலக்கும். அதனால் எண்ணெயை அடிக்கடி மாற்ற வேண்டும். வாகன நிறுத்துமிடத்தில் ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பினால் 'கடக் கடக்' என்று சத்தம் வரும்.

இரண்டாவது ஹெலிக்கல் வகை. இங்கிலாந்தின் குவைஃப் இதில் புகழ்பெற்றது. 2007-லிருந்து இங்கே விற்கப்பட்ட ஹோண்டா சிவிக் டைப் ஆர் காரிலும் ஆலையிலேயே பொருத்தி வந்தது இந்த வகைதான். இதில் தகடு கிடையாது, சாய்வாக வெட்டிய பற்சக்கரங்கள் மட்டுமே. சத்தமில்லை, தேய்மானமும் மிகக் குறைவு. நழுவும் சக்கரம் தாங்குவதைப்போல் இரண்டு, இரண்டரை மடங்கு விசையை மறுபக்கத்துக்கு அனுப்பும். முன்பு சொன்ன 50 பங்கு, மறுபக்கம் 100, 125 ஆகும். ஒரு குறை உண்டு. சக்கரம் முழுதாக எழும்பிவிட்டால் பூஜ்யத்தை எத்தனை மடங்காக்கினாலும் பூஜ்யம்தான்.

அவன் தோசையைப் பிய்த்தபடியே கேட்டான்: "அப்ப எது நல்லது மாமா?"

"வாரத்துல உன் கார் எங்கெங்கே ஓடுது, அதைச் சொல்லு."

கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்குக் கூட்டரசு நெடுஞ்சாலையில் தினமும் வேலைக்கு. வாரம் மூன்று முறை அக்காவை இரத்தச் சுத்திகரிப்பு மையத்துக்குக் கொண்டுபோய், திரும்பக் கூட்டி வருவது. மலைச்சாலை மாதத்தில் இரண்டு நாள். சொல்லி முடித்ததும் அவனே சற்று நேரம் பேசாமல் இருந்தான். சிகிச்சை முடிந்து களைத்து வரும் அம்மாவை, ஒவ்வொரு திருப்பத்திலும் உதறும் காரிலா உட்கார வைப்பது?

அன்று மாலையே கிள்ளானில் எனக்குத் தெரிந்த பட்டறைக்குப் போனோம். காரைத் தூக்கியதும் மெக்கானிக் அண்ணன் டிஃபரன்ஷியல் பக்கமே போகவில்லை. டயரைக் காட்டினார். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டும் வாரம், கடைசி இரண்டும் ஆண்டு. கணக்குப் பார்த்தால் டயருக்கு வயது எட்டு. கீழ்க்கையின் ரப்பர் புஷ்களும் வெடித்திருந்தன. "இந்த டயருக்கு எந்த எல்எஸ்டி போட்டாலும் சறுக்கத்தான் செய்யும். ஒரு சக்கரம் சறுக்கின இடத்துல ரெண்டும் சறுக்கும், அவ்வளவுதான்" என்றார். அந்த வார்த்தைதான் பையனை நிறுத்தியது.

முடிவு இதுதான்: முதலில் நான்கு டயர், புஷ், சக்கர அலைன்மென்ட். பிறகு பணம் சேர்த்து ஹெலிக்கல். பந்தயத் தடத்தில் மட்டுமே ஓடும் காராக இருந்தால் நான் 1-வே அல்லது 1.5-வே பிளேட்டையே சொல்லியிருப்பேன். வேகம் பார்க்கும் ஆசைக்கு 15 வளைவுகளோடு செப்பாங் பந்தயத் தடம் இருக்கிறது. உலு யாம் சாலையில் எதிரே மோட்டார் சைக்கிளில் குடும்பமே வரும்.

எல்எஸ்டி வாங்கும் வாசகர்களுக்குச் சில வார்த்தை. காரின் பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். கியர்பாக்ஸின் குறியீட்டையும் டிரைவ் ஷாஃப்டின் பற்களையும் சரிபாருங்கள். கியர்பாக்ஸை இறக்கித்தான் இதைப் பொருத்த முடியும். இறக்கும் கூலி ஒன்றுதான் என்பதால் பேரிங், ஆயில் சீல், கிளட்ச் தகடு ஆகியவற்றையும் அப்போதே பார்த்துவிடுங்கள். ஜப்பானிலிருந்து வரும் பழைய கியர்பாக்ஸில் 'எல்எஸ்டி இருக்கு' என்று விற்றால், திறந்து பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். தகடு தேய்ந்திருந்தால் அது சாதாரண டிஃபரன்ஷியல்தான். மாற்றத்தைக் காப்புறுதி நிறுவனத்துக்குத் தெரிவிப்பதும் நல்லது.

புதன்கிழமை அக்கா தொலைபேசியில் கூப்பிட்டார். "தம்பி, பையன் கார்ல என்ன செஞ்சான்? இன்னைக்குத் திரும்பி வரும்போது தூங்கிட்டேன்."

டயர் மாற்றினான் என்றேன். எல்எஸ்டிக்கு இன்னும் நாலு மாதம் சேர்க்க வேண்டுமாம். சேர்க்கட்டும்.

அடுத்த வாரம் பிரேக் எண்ணெயைப் பற்றிப் பேசுவோம்.