‘சரியில்லை’ என்றால் போதுமா?

கதை எழுதுவது என் பித்து. சோறு போடுவது ஜாவா. கம்ப்யூட்டர் உத்தியோகத்தில் ஒரு சம்பிரதாயம் உண்டு. ஒருவர் எழுதிய புரோகிராமை இன்னொருவர் படித்து அபிப்பிராயம் சொன்ன பிறகே அது உபயோகத்துக்குப் போகும். கோட் ரிவியூ என்று அதற்குப் பெயர்.

எங்கள் ஆபீசில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, பழைய பைல்களை அழிப்பதற்கு ஒரு மெத்தட் எழுதியிருந்தாள். மெத்தட் என்றால், ஒரு காரியத்தை முடித்துக் கொடுக்கும் சிறு கட்டளைக் கோவை. அதைப் படித்த பெரியவர் எழுதியது ஒரே வரி: ‘டிசைன் சரியில்லை, மாற்று.’ எதை மாற்ற? ஏன் மாற்ற? மூன்று நாள் மாற்றி மாற்றி எழுதினாள். மூன்று முறையும் அதே வரி. நான்காம் நாள், “எனக்கு இந்த வேலை வராது போலிருக்கிறது, ஸார்” என்றாள் என்னிடம்.

மெத்தடில் குற்றம் இருந்தது வாஸ்தவம். பைல் அழிந்தால் ‘ஆம்’, அழியாவிட்டால் ‘இல்லை’. அவ்வளவுதான் அது பேசிற்று. பைலே இல்லையா, அனுமதி இல்லையா, அழிக்கச் சொன்னது சரக்கு நிறைந்த டைரக்டரியா? ஒன்றும் சொல்லாது. ஆனால் இந்த ஊமைத்தனம் அவள் கண்டுபிடித்ததல்ல. 1996-இல் வந்த முதல் ஜாவாவிலேயே பைலை அழிக்கும் மெத்தட் இப்படித்தான் இருந்தது, இன்றும் இருக்கிறது. அதைத்தான் அவள் எடுத்தாண்டாள். முடியாதபோது காரணத்தைச் சொல்லி எக்ஸெப்ஷன் எழுப்பும் வேறொரு மெத்தட், 2011-இல் வெளியான ஜாவா ஏழில்தான் வந்தது. மேதைகளுக்குப் பதினைந்து வருஷம் பிடித்த பாடத்தை இந்தப் பெண் மூன்று நாளில் ஊகித்துவிட வேண்டுமாம்!

‘கண்டித்தால்தானே ஐயா கற்றுக்கொள்வார்கள்?’ என்று கேட்பீர்கள். தாராளமாகக் கண்டியுங்கள். ‘பேஷ்’ என்று முதுகில் தட்டி அனுப்புவதும் துரோகமே; நாளைக்கு நள்ளிரவில் டிஸ்க் நிரம்பி எழுப்பப்படுகிறவன், பைல் ஏன் அழியவில்லை என்று தெரியாமல் தவிப்பான். ஆனால் கண்டனத்துக்குக் காரணம் வேண்டாமா? காரணம் சொல்லாமல் ‘இல்லை’ என்பது மெத்தடுக்குக் குற்றமென்றால், அதைப் பரிசீலிக்கிற மனிதருக்கு மட்டும் எப்படி அது கௌரவமாகும்?

நான் அவளிடம் ஒன்றுதான் கேட்டேன்: “இது ‘இல்லை’ என்று சொன்னால், கேட்டவன் அடுத்தபடி என்னம்மா செய்வான்?” சற்று யோசித்தாள். அரை மணியில் திருத்திக்கொண்டு வந்தாள்.

பெரியவரின் ரிவியூவுக்கு நானும் ஒரு ரிவியூ எழுதி அனுப்பிவிட்டேன். ‘சரியில்லை’ என்றுதான் ஆரம்பித்தேன். ஆனால் ஏன் என்றும் எழுதியிருக்கிறேன்.