இறையாண்மை யாருக்காக?



ஒரு நாடு பிறர் கட்டளைக்குக் காத்திராமல் தன் காரியங்களைத் தானே முடிவு செய்யும் உரிமையை 'இறையாண்மை' என்கிறோம். இந்தச் சொல்லுக்குள் இருக்கும் 'இறை' என்பது கடவுளைக் குறிக்கும், அரசனைக் குறிக்கும், மக்கள் செலுத்தும் வரியையும் குறிக்கும். ஐரோப்பாவில் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துவரும் ஒரு வாதத்தைப் புரிந்துகொள்ள இந்த மூன்று பொருளும் நமக்குத் தேவைப்படுகின்றன. ஒரு நாடு தன் அதிகாரத்தில் ஒரு பங்கை நாடுகளின் ஒன்றியத்திடம் ஒப்படைக்கலாமா? அப்படி ஒப்படைத்த பிறகும் அது சுதந்திர நாடுதானா?

கத்தோலிக்கப் பாரம்பரியத்தில் ஊறிய சிறிய நாடான அயர்லாந்தை எடுத்துக்கொள்வோம். பல நூற்றாண்டு ஆங்கிலேய ஆட்சிக்குப் பின், இரத்தம் சிந்தி, 1922இல் அது தனி அரசானது. அந்த நாடே 1972இல் மக்களிடம் வாக்கெடுத்து, 83 விழுக்காட்டினரின் ஆதரவோடு, 1973 ஜனவரி 1 அன்று ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்தது. அரும்பாடுபட்டுப் பெற்ற சுதந்திரத்தை ஏன் பங்கிட முன்வந்தார்கள்?

காரணம் எளிது. கொடி தனியாக இருந்தது. பிழைப்பு தனியாக இல்லை. அயர்லாந்தின் ஏற்றுமதியில் பாதிக்கும் மேல் பிரிட்டனுக்கே சென்றது. அதன் நாணயம் 1979 வரை பிரிட்டிஷ் பவுண்டோடு கட்டப்பட்டிருந்தது. இலண்டனில் எடுத்த முடிவு டப்ளினைத் தாக்கும். ஆனால் அந்த முடிவெடுக்கும் மேசையில் அயர்லாந்துக்கு இடமில்லை. பிரசல்ஸ் நகரில் ஓர் இருக்கை கிடைத்தது. ஆங்கிலேய ஆட்சியில் நலிந்துபோன ஐரிஷ் மொழி 2007இல் ஒன்றியத்தின் ஆட்சிமொழிகளில் ஒன்றாகி, 2022இல் முழு நிலையையும் பெற்றது. தாய்மொழியின் அருமை தெரிந்த நமக்கு இது சிறிய செய்தி அல்ல. பாபேல் ஒரே மொழியின் கோபுரம். பெந்தக்கோஸ்து நாளிலோ ஒவ்வொருவரும் தத்தம் மொழியிலேயே நற்செய்தியைக் கேட்டனர். ஒற்றுமை வேறு, ஒரேமாதிரியாக்குவது வேறு.

இந்த ஒன்றியத்தின் விதையும் நமக்கு அந்நியமானது அல்ல. 1950 மே 9 அன்று பிரான்சின் வெளியுறவு அமைச்சர் இராபர்ட் ஷூமான், பிரான்சும் ஜெர்மனியும் தங்கள் நிலக்கரியையும் எஃகையும் ஒரு பொது அதிகாரத்தின்கீழ் வைக்கலாம் என்றார். போர்க்கருவி செய்யும் பொருள்களைப் பகிர்ந்துகொண்டால் போர் மூளாது என்பதே அவர் கணக்கு. அவரும், ஜெர்மனியின் கொன்ராட் அடேனவரும், இத்தாலியின் அல்சீடே தெ காஸ்பெரியும் பக்தியுள்ள கத்தோலிக்கர்கள். 2021இல் திருத்தந்தை பிரான்சிஸ் ஷூமானின் வீரத்துவமான புண்ணிய வாழ்வை ஏற்று, வணக்கத்துக்குரியவராக அறிவித்தார்.

அப்படியானால் ஒன்றியம் செய்வதெல்லாம் சரியா? இல்லை. 2008 ஜூன் மாதம் லிஸ்பன் ஒப்பந்தத்தைப் பற்றி மக்கள் வாக்கெடுப்பு நடத்திய ஒரே உறுப்பு நாடு அயர்லாந்து. 53.4 விழுக்காட்டினர் வேண்டாம் என்றனர். வரி, இராணுவ நடுநிலை, உயிர் வாழும் உரிமை ஆகியவை பற்றி உறுதிமொழிகள் தரப்பட்டன. ஒவ்வொரு நாட்டுக்கும் ஓர் ஆணையர் தொடர்வார் என்றும் கூறப்பட்டது. 2009 அக்டோபரில் மீண்டும் வாக்கெடுத்தபோது 67.1 விழுக்காட்டினர் ஆம் என்றனர். 2001இல் நிராகரித்த நீஸ் ஒப்பந்தத்திலும் மறு ஆண்டே இப்படித்தான் நடந்தது. மக்களின் அச்சத்துக்குச் செவிசாய்த்தார்கள் என்று இதைப் பாராட்டலாம். ஆனால் முதல் முறையே ஆம் என்றிருந்தால் இரண்டாம் முறை கேட்டிருப்பார்களா? இக்கேள்விக்கு நேர்மையான பதில், இல்லை என்பதுதான்.

அதைவிடக் கசப்பானது 2010. வங்கிகள் நொடித்து, அயர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்திடமும் பன்னாட்டு நிதியத்திடமும் கையேந்தியது. 8,500 கோடி யூரோ திட்டம். அதில் 1,750 கோடி அயர்லாந்தின் சொந்தப் பணம். நிபந்தனைகளில் ஒன்றின்படி, மணிக்கு 8.65 யூரோவாக இருந்த குறைந்தபட்சக் கூலியில் ஒரு யூரோ வெட்டப்பட்டது. புதிய அரசு 2011இல் அதைத் திருப்பிக் கொடுத்தது. வங்கிக்காரர்கள் செய்த பாவத்துக்குத் துப்புரவுத் தொழிலாளி பரிகாரம் செய்ய வேண்டியதாயிற்று. எனினும் ஒன்றை மறக்கலாகாது. 2008 செப்டம்பரில் வங்கிகளின் பெரும்பாலான கடன்களுக்கு உத்தரவாதம் கொடுத்தது அயர்லாந்து அரசுதான். இறையாண்மையோடு எடுத்த முடிவே இறையாண்மையைப் பறித்தது.

'இறை' வரியையும் குறிக்கும் என்றோம். ஆப்பிள் நிறுவனத்துக்குச் சட்டத்துக்குப் புறம்பான வரிச்சலுகை தரப்பட்டது என்றும், அந்நிறுவனத்திடமிருந்து 1,300 கோடி யூரோவை அயர்லாந்து வசூலிக்க வேண்டும் என்றும் 2016இல் ஐரோப்பிய ஆணையம் உத்தரவிட்டது. அயர்லாந்து அரசோ அந்தப் பணம் வேண்டாம் என்று வழக்காடியது! எங்கள் வரியை நாங்களே தீர்மானிப்போம் என்பது அதன் வாதங்களில் ஒன்று. 2024 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் ஆணையத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. இங்கே இறையாண்மை என்ற கேடயத்தின் பின்னால் நின்றது ஏழைக் குடிமகனா, பெரும் நிறுவனமா?

கத்தோலிக்கருக்கு இன்னொரு பாடமும் உண்டு. பிரசல்ஸ் கருக்கலைப்பைத் திணித்துவிடும் என்று பலர் அஞ்சினர். அதைத் தடுக்க 1992இல் மாஸ்டிரிக்ட் ஒப்பந்தத்தோடு ஒரு தனி நெறிமுறையே சேர்க்கப்பட்டது. ஆனால் பிறவாத குழந்தையின் உயிரைக் காத்த அரசியலமைப்புப் பிரிவை 2018 மே மாதம் நீக்கியவர்கள் அயர்லாந்து வாக்காளர்களே; 66.4 விழுக்காட்டினர். வெளியே வேலி போட்டுக்கொண்டிருந்தபோது உள்ளே பயிர் வாடியது. நம்பிக்கையை எல்லைச் சுவர் காப்பாற்றாது. குடும்பமும் மறைக்கல்வியுமே காக்க முடியும்.

வெளியேறுவது எளிய வழியா? பிரிட்டன் 2016இல் 51.9 விழுக்காட்டு வாக்கோடு முடிவெடுத்து, 2020 ஜனவரி 31 அன்று ஒன்றியத்தை விட்டு விலகியது. வட அயர்லாந்தில் 55.8 விழுக்காட்டினர் தொடரவே விரும்பினர். அவர்களும் விலக நேர்ந்தது. 1998ஆம் ஆண்டின் புனித வெள்ளி ஒப்பந்தத்துக்குப் பின் மறைந்துபோன எல்லையில் மீண்டும் சோதனைச் சாவடி வரக் கூடாதென்று, சரக்குச் சோதனையைக் கடல்வழிக்கு மாற்றினார்கள். அதனால் எழுந்த மனக்கசப்பைத் தணிக்க 2023இல் வின்சர் உடன்பாடு தேவைப்பட்டது. ஒரு நாட்டின் இறையாண்மைக்குள் இன்னொரு சிறு சமூகத்தின் குரல் அமுங்கிப்போகலாம் என்பதே இதன் பாடம்.

திருச்சபை இதற்கு ஓர் அளவுகோல் தருகிறது. 1931இல் திருத்தந்தை பதினோராம் பயஸ் தமது சுற்றுமடலில் கற்பித்தது இது: சிறிய சமூகம் செய்யக்கூடியதைப் பெரிய அமைப்பு பறித்துக்கொள்வது அநீதி, சிறியதற்குத் துணைநிற்பதே பெரியதன் கடமை. இக்கோட்பாடு பின்னர் மாஸ்டிரிக்ட் ஒப்பந்தத்திலேயே இடம்பெற்றது. நமக்கு இது புதிதல்ல. அன்பியம் தீர்க்கக்கூடியதைப் பங்குப் பேரவை இழுத்துப் போட்டுக்கொள்வதில்லை. பங்கினால் இயலாதபோது மறைமாவட்டம் கைவிடுவதும் இல்லை.

ஆகவே இறையாண்மையும் தெய்வமல்ல, ஒன்றியமும் தெய்வமல்ல. இரண்டும் மனிதருக்காக ஏற்பட்டவை. கூலி குறைக்கப்பட்டவருக்கும், கேட்கப்படாத சிறுபான்மையினருக்கும், பிறவாத குழந்தைக்கும் இந்த அதிகாரம் துணைநிற்கிறதா என்று இரண்டிடமும் நாம் கேட்க வேண்டும். நம் ஊராட்சியிலும், சங்கத்திலும், பங்குப் பேரவையிலும் நம் கையில் இருக்கும் சிறிய அதிகாரத்தைப் பற்றியும் இதே கேள்வியைக் கேட்போம். இறுதியான 'இறை' ஒருவரே. மற்ற அதிகாரம் எல்லாம் அவரிடம் கணக்குக் கொடுக்க வேண்டியதே.

சிந்திப்போம்.