பயணிக்குத் திறக்கும் கதவு

 

கோடை விடுமுறை தொடங்கிவிட்டால், மதுரையிலிருந்து தொண்டிக்கு வரும் தேசிய நெடுஞ்சாலையில் வேன்களின் எண்ணிக்கை கூடிவிடும். திருவாடானையைக் கடந்து செல்லும்போதே அவை குடும்பச் சுற்றுலா வேன்கள் என்று தெரிந்துவிடும். மேலே பாய்களும் அண்டாவும் கட்டியிருக்கும். இருக்கைக்கு அடியில் அடுப்பும் அரிசிப்பையும் இருக்கும். சன்னல்தோறும் குழந்தைகளின் முகங்கள். தொண்டியில் கடலைக் கண்டதும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே திரும்பி, காரங்காட்டின் அலையாத்திக் காடு, தேவிபட்டினம், இராமநாதபுரம், மண்டபம் என ஒவ்வோர் ஊராகக் கடந்து, பாம்பன் பாலம் ஏறி இராமேசுவரம் தீவை அடைவார்கள்.

மேலை நாடுகளில் படுக்கை, சமையலறை, கழிவறை மூன்றும் உள்ள ஊர்தியை எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு கடலோரத்தில் தங்குகிறார்கள். அண்டை மாநிலமான கேரளத்தின் அரசும் 2021ஆம் ஆண்டில் இத்தகைய கேரவன் சுற்றுலாவை அறிமுகப்படுத்தியது. நம்மவர்களின் வேனில் பாய் இருப்பதால் படுக்கை உண்டு. அடுப்பு இருப்பதால் சமையலறை உண்டு. மூன்றாவது மட்டும் இல்லை. பேசக் கூச்சப்பட்டு நாம் ஒதுக்கி வைத்திருக்கும் அந்த மூன்றாவதைப் பற்றியே இங்கே எழுத விரும்புகிறோம்.

சென்ற ஆண்டு விடுமுறையில் எங்கள் உறவில் மூன்று குடும்பங்கள் ஒரே வேனில் இராமேசுவரம் புறப்பட்டோம். ஃபஜ்ரு தொழுதுவிட்டுக் கிளம்பிய எங்களுக்கு வழியெல்லாம் மகிழ்ச்சிதான். தண்ணீர்ப் போத்தல் கைமாறி வந்தபோது, சர்க்கரை நோயுள்ள எங்கள் நன்னி அதைத் தொடாமலே அடுத்தவரிடம் கொடுத்துவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "வேணாம் அத்தா, எறங்குற எடத்தப் பாத்துட்டுக் குடிச்சிக்கிறேன்" என்றார். அப்போதுதான் கவனித்தோம். வேனில் இருந்த ஏழு பெண்களில் ஒருவரும் காலையிலிருந்து ஒரு மிடறுக்கு மேல் குடிக்கவில்லை. ஆண்களாகிய நாங்களோ நினைத்த இடத்தில் வண்டியை நிறுத்தி இறங்கிக்கொண்டிருந்தோம்.

லுஹர் நேரத்தில் சாலையோரப் பள்ளிவாசல் ஒன்றில் நிறுத்தினோம். ஆண்கள் ஹவ்ளில் ஒளுச் செய்து, இரண்டு ரக்அத் கஸ்ராகத் தொழுதுவிட்டுக் கால் மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டோம். பெண்கள் வேனின் நிழலில் நின்றுகொண்டிருந்தார்கள். பள்ளியின் மோதினார் நல்ல மனிதர், உண்மையாகவே வருந்தினார். "பொம்பளைகளுக்கு இங்க எடம் கட்டலயேம்மா" என்பதைத் தவிர அவரால் வேறெதுவும் சொல்ல முடியவில்லை.

எதிர்வீட்டுத் திண்ணையில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு மீனவப் பெண்மணி இதைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். வாசலில் சிலுவை பதித்திருந்த வீடு அது. நாங்கள் யார், எந்த ஊர் என்று அவர் கேட்கவில்லை. "உள்ள வாங்க தாயி" என்று நன்னியின் கையைப் பிடித்து அழைத்துச் சென்றார். குடத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து நல்ல தண்ணீர் வாங்கும் ஊர் அது. அந்தத் தண்ணீரில் இரண்டு குடம் எடுத்து வைத்தார். எங்கள் வீட்டுப் பெண்கள் அவருடைய தாழ்வாரத்தில்தான் அன்றைய லுஹரைத் தொழுதார்கள்.

அன்று மாலை தனுஷ்கோடியில் நின்றோம். 1964ஆம் ஆண்டுப் புயலில் அழிந்த ஊரின் இடிபாடுகளைத் தாண்டி, அரிச்சல்முனை வரை இப்போது நல்ல சாலை உண்டு. ஆனால் நிழலில்லை, இருட்டிய பின் அங்கே தங்க அனுமதியும் இல்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. அங்கும் கூடாரமடிக்க முடியாது. அவ்வாறு காப்பதே சரி. ஆகவே வேனில் வரும் குடும்பங்கள் இரவில் மண்டபத்தின் பக்கம் ஏதேனும் தோப்போரம் ஒதுங்குகின்றன. நாங்களும் ஒதுங்கினோம். ஆண்கள் அலையோசை கேட்டு உறங்கினார்கள். பெண்கள் விடியலை எதிர்பார்த்து விழித்திருந்தார்கள். வீடு திரும்பிய மூன்றாம் நாள் நன்னிக்குக் குளிர்காய்ச்சல். சிறுநீர்த் தொற்று என்றார் மருத்துவர். தண்ணீர் குடிக்காமலும் அடக்கிக்கொண்டும் இருப்பது இதற்கு வழிவகுக்கும் என்று எங்களைக் கடிந்துகொண்டார்.

சிந்தித்துப் பாருங்கள். இயற்கைத் தேவையை அடக்கிக்கொண்டு தொழ வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். அல்லாஹ்வின் பள்ளிகளுக்கு வரும் பெண்களைத் தடுக்காதீர்கள் என்றும் அறிவுறுத்தியிருக்கிறார்கள். வழியில் தன் தேவைக்கு மிஞ்சிய தண்ணீரை வைத்துக்கொண்டு பயணிக்குத் தர மறுப்பவனை மறுமையில் அல்லாஹ் ஏறிட்டும் பார்க்க மாட்டான் என்ற எச்சரிக்கை புகாரீயில் பதிவாகியிருக்கிறது. ஜகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினரை எண்ணும் தவ்பா அத்தியாயத்தின் 60ஆம் வசனம், வழிப்போக்கரையும் அவர்களில் ஒருவராகச் சேர்க்கிறது. பயணத்தில் நான்கு ரக்அத்தை இரண்டாகச் சுருக்கி நம் சுமையைக் குறைத்த மார்க்கம் இது. அதைப் பின்பற்றும் நாம், நம் பள்ளியின் வாசலில் நிற்கும் பெண் பயணியின் சுமையைக் கூட்டலாமா?

இந்தச் சேது மண்ணுக்கு விருந்தோம்பல் புதிதன்று. இராமேசுவரத்திற்கு நடந்து வந்த யாத்திரிகர்களுக்காகச் சேதுபதி மன்னர்களும் தஞ்சை மராட்டிய மன்னர்களும் வழிநெடுகச் சத்திரங்களைக் கட்டி, அவற்றுக்கு நிலங்களையும் எழுதி வைத்தார்கள். நம் முன்னோரும் பள்ளிவாசலை ஒட்டி முஸாபர்கானா கட்டி வக்பு செய்தார்கள். பல ஊர்களில் அக்கட்டடங்கள் இன்று கடைகளாகி வாடகை ஈட்டுகின்றன. வாடகை பள்ளிக்கு உதவுகிறது என்பது உண்மைதான். ஆயினும் எந்த நோக்கத்திற்காக அது வக்பு செய்யப்பட்டதோ அந்த நோக்கம் எங்கே போயிற்று என்பதை நிர்வாகிகள் தம் மனச்சாட்சியிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எனவே, தொண்டி முதல் இராமேசுவரம் வரை இந்தச் சாலையில் உள்ள ஜமாஅத்துகளிடம் எங்கள் வேண்டுகோள் இதுதான். பெரிய மண்டபம் வேண்டாம். பள்ளியின் சுற்றுச்சுவரை ஒட்டி, சாலைப் பக்கம் தனி வாசலோடு ஒரு கழிவறை. ஒளுச் செய்ய இரண்டு குழாய்கள். நான்கு பெண்கள் நின்று தொழுமளவு ஓர் அறை. உள்ளே ஒழுங்காகப் பூட்டும் தாழ்ப்பாள், புர்கா மாட்ட ஓர் ஆணி, இரவில் ஒரு விளக்கு. 'பெண் பயணிகளுக்கு' என்று சாலையிலிருந்தே தெரியும்படி ஒரு பலகை. ஜகாத் பணத்தைக் கட்டடத்திற்குச் செலவிடலாமா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. இதற்கு ஸதகாவே போதும். ஒரு குடும்பம் தன் மறைந்த தாயின் பெயரால் இதைக் கட்டித் தந்தால் அது நிலையான தர்மமாகும்.

யார் சுத்தம் செய்வது, தவறானவர்கள் வந்தால் என்ன செய்வது என்ற தயக்கம் எழும். நியாயமான தயக்கம்தான். சுத்தம் செய்பவருக்கு முறையான ஊதியம் கொடுங்கள். இரவில் சாவியைப் பக்கத்து வீட்டுப் பெண் ஒருவரிடம் ஒப்படையுங்கள். அந்தக் கதவு நம் பெண்களுக்கு மட்டுமானதாக இருக்கவும் கூடாது. இராமேசுவரம் கோயிலுக்குச் செல்லும் தாயும் அதே சாலையில்தான் வருகிறார். அவருக்கும் அதே அவசரந்தான். சிலுவை பதித்த வீட்டிலிருந்து நாங்கள் பெற்ற உபகாரத்திற்கு வேறு எப்படி நன்றி செலுத்துவது?

பயணம் செல்வோருக்கும் கடமை உண்டு. பயன்படுத்திய இடத்தைக் கழுவிவிட்டு வெளியேறுங்கள். எஞ்சிய சோற்றையும் நெகிழித் தட்டுகளையும் பள்ளியின் வாசலிலோ கடற்கரையிலோ கொட்டாதீர்கள். மீனவர்கள் வலை உலர்த்தும் மணல் அது. உண்டியலில் இயன்றதைப் போடுங்கள். புறப்படும் முன் அடுத்து எங்கே இறங்க முடியும் என்பதை வீட்டுப் பெண்களிடம் கேட்டுத் திட்டமிடுங்கள். அவர்களில் ஒருவர் தண்ணீரை வாங்காமல் கைமாற்றி விட்டால், ஏன் என்று கேளுங்கள்.

இவ்வாண்டும் விடுமுறை வருகிறது. குழந்தைகள் கடலைக் கேட்கிறார்கள். நன்னியோ, "நான் வீட்டுலயே இருந்துக்கிறேன்" என்கிறார். கடலென்றால் அவருக்குக் கொள்ளை ஆசை என்பது எங்கள் அனைவருக்கும் தெரியும். அவரை மீண்டும் வேனில் ஏற்ற எங்களுக்குத் தேவை புதிய ஊர்தி அன்று. வழியில் திறந்திருக்கும் ஒரு கதவு.

வழிப்போக்கரின் துன்பத்தை நீக்குவோராக அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக. ஆமீன்.