பாய்லரை மாற்றுவதா, ஓட்டுவதா?



கொலுப் படியை மடித்து வைத்த கையோடு நியூ ஜெர்சிக்காரர்கள் அடித்தளத்துக்கு இறங்கி பாய்லரைப் பார்ப்பார்கள். "முப்பது வயசாகுது. நல்லாத்தான் ஓடுது. ஆனா சர்வீஸுக்கு வந்தவர் மாத்திடுங்கன்னு சொல்றாரே?" என்று எடிசனிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். சிறுகதையும் சமையலும் வரும் பத்திரிகையில் இதற்கென்ன இடம் என்று நினைக்காதீர்கள். பத்தாயிரம் டாலரை எளிதாகத் தொட்டுவிடும் சங்கதி இது.

வயதை மட்டும் பார்த்து மாற்ற வேண்டாம் என்பதே என் கட்சி. வார்ப்பிரும்பு பாய்லர் ஆண்டுதோறும் சுத்தம் செய்யப்பட்டால் முப்பது வருஷமும் அதற்கு மேலும் உழைக்கும். தெர்மோகப்பிள், தண்ணீரைச் சுற்றவிடும் பம்ப், எக்ஸ்பான்ஷன் டேங்க் எல்லாம் தனித்தனியாக மாற்றக்கூடியவை. இரும்பு உடலே விரிசல் விட்டுக் கசிந்தால் அது வேறு கதை. அங்கே பழுதுபார்க்கப் பணம் போடுவது வீண். கார்பன் மோனாக்சைடு அலாரம் அடித்தாலோ, உடனே குழந்தைகுட்டிகளோடு வெளியே வந்து 911-ஐக் கூப்பிடுங்கள். பாய்லர் யோசனையெல்லாம் அப்புறம்.

இனி கணக்கு. எரிகிற எரிபொருளில் எத்தனை சதவீதம் வெப்பமாகிறது என்பதை ஏ.எஃப்.யூ.இ. என்ற எண் சொல்லும். உங்களுடையது 65 என்று வைத்துக்கொள்வோம். 95 உள்ள புதியது வந்தால் கேஸ் செலவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மிஞ்சும். பழையதே 80 என்றால் மிச்சம் 16 சதவீதம்தான். குளிர்காலத்துக்கு 2,000 டாலர் கேஸ் பில் கட்டுகிறவருக்கு அது வருஷம் 320 டாலர்கூட வராது. பத்தாயிரத்தை மீட்க முப்பது வருஷத்துக்கு மேல் ஆகும். அந்தப் புது பாய்லரின் ஆயுளோ பெரும்பாலும் 15 முதல் 20 வருஷம்!

விற்பவர்கள் சொல்ல மறக்கும் விஷயம் ஒன்று உண்டு. 95 சதவீதம் தருவது கண்டென்சிங் வகை. புகையோடு போகும் நீராவியைக் குளிரவைத்து அதன் வெப்பத்தையும் பிடித்துக்கொள்வதுதான் அதன் சாமர்த்தியம். அதற்கு, வீட்டைச் சுற்றித் திரும்பும் தண்ணீர் ஏறக்குறைய 130 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். சுவரோரம் ஓடும் பழைய பேஸ்போர்டு ஹீட்டர்களோ 180 டிகிரித் தண்ணீருக்காக அமைக்கப்பட்டவை. வெளிக்குளிருக்கு ஏற்ப நீரின் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் கருவியைச் சேர்த்துப் பொருத்தாவிட்டால், கொடுத்த காசுக்குப் பலன் கிடைக்காது. இன்னொன்று: புது பாய்லர் பிளாஸ்டிக் குழாய் வழியே புகைவிடும். இதுவரை பழைய பாய்லரோடு ஒரே புகைபோக்கியைப் பகிர்ந்துவந்த வாட்டர் ஹீட்டர், பெரிய புகைபோக்கியில் தனியாளாகி, புகையைச் சரியாக வெளியேற்றாமல் போகலாம். அதற்கு என்ன வழி என்று கேளுங்கள்.

அளவும் முக்கியம். 1918 ஃப்ளூ காலத்தில் ஜன்னல்களைத் திறந்து வைத்தே வீட்டைச் சூடாக்க வேண்டும் என்று பொதுச் சுகாதாரத் துறையினர் வலியுறுத்தினார்களாம். அதனால்தான் பழைய வீடுகளில் அத்தனை பெரிய ரேடியேட்டர்கள் என்று துறைக்காரர்கள் சொல்வார்கள். இன்று இரட்டைக் கண்ணாடி ஜன்னலும் வெப்பக் காப்பும் போட்டாயிற்று; அத்தனை சூடு தேவையில்லை. வெந்நீர் பாய்லர் என்றால் வீட்டின் வெப்ப இழப்பைக் கணக்கிட்டு வாங்க வேண்டும். நீராவி பாய்லர் என்றால் ரேடியேட்டர்களை அளந்து வாங்க வேண்டும். பழையதன் முகப்பில் இருக்கும் எண்ணைப் பார்த்து அதையே திரும்ப எழுதித் தருபவர் இரண்டையும் செய்யவில்லை.

பாய்லருக்குப் பதிலாக மின்சாரத்தில் ஓடும் ஹீட் பம்ப் போடலாமா? நான் அதற்கு விரோதியில்லை. ஆனால் 2025 ஜூனில் நியூ ஜெர்சி மின்கட்டணம் 17 முதல் 20 சதவீதம்வரை ஏறியதையும், 2,000 டாலர்வரை கிடைத்த கூட்டரசு வரிச்சலுகை அந்த ஆண்டோடு முடிந்ததையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கலிஃபோர்னியாவின் விரிகுடாப் பகுதி நண்பர்களுக்கு வேறு கவலை: அங்குள்ள காற்றுத் தர மாவட்டம் 2023 மார்ச்சில் இயற்றிய விதி, நைட்ரஜன் ஆக்சைடு வெளியிடும் வீட்டு வாட்டர் ஹீட்டர்களைப் புதிதாக விற்பதற்கு 2027-ஐயும், பர்னஸ்களுக்கு 2029-ஐயும் கெடுவாக வைத்தது. ஓடிக்கொண்டிருப்பதைக் கழற்றச் சொல்லும் விதியல்ல அது. டெக்ஸாஸ்காரர்களுக்கு 2021 பிப்ரவரிக் குளிரில் வந்த மின்வெட்டை நினைவூட்டத் தேவையில்லை. கேஸ் பர்னஸானாலும் காற்றை ஊத மின்சாரம் வேண்டும் என்று அப்போது பலருக்குத் தெரிந்தது.

எதைச் செய்வதானாலும் ஜனவரிக்கு முன்பே மூன்று பேரிடம் விலை கேட்டு வையுங்கள். வெளியே பனி கொட்ட, உள்ளே குழந்தை நடுங்க, முதலில் போனை எடுக்கிறவர் சொல்கிற விலைதான் அன்றைக்கு விலை. பழைய குழாய்களில் வெள்ளைப் பட்டை சுற்றியிருந்தால் அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். பரிசோதிக்காமல் யாரையும் கைவைக்க விடாதீர்கள்.

நீங்கள் மாற்றினீர்களா, ஓட்டுகிறீர்களா? எழுதுங்கள். மாற்றுவதற்கு முன்னும் பின்னும் வந்த பில்லைச் சேர்த்து அனுப்பினால் அடுத்த இதழில் போட்டுவிடலாம்.

அன்புடன்,
ஆசிரியர்