பள்ளிச் சுற்றுலாவுக்கு ஒரு மகமை

அமராவதிபுதூர் பெரியவர்களுக்கும், ஆச்சிமார்களுக்கும், பள்ளிப் பிள்ளைகளின் தாய் தந்தையருக்கும், ஆசிரியர்களுக்கும், கடல் தாண்டிப் பிழைக்கும் நம்மூர்க்காரர்களுக்கும் சிங்கப்பூரிலிருந்து வணக்கம்.

பள்ளிச் சுற்றுலா என்றால் நம் பக்கத்தில் நடைமுறை ஒன்றுதான். தலைக்கு இவ்வளவு ரூபாய் என்று வகுப்பில் அறிவிப்பார்கள். வருகிறவர்கள் குறித்த நாளுக்குள் பெயர் கொடுக்க வேண்டும். பணம் இருக்கிற வீட்டுப் பிள்ளை மறுநாளே பெயர் கொடுத்துவிடும். இல்லாத வீட்டுப் பிள்ளை பேருந்து ஒத்துக்கொள்ளாது என்றோ வீட்டில் விசேஷம் இருக்கிறது என்றோ ஒரு காரணம் சொல்லும். கடைசி நேரத்தில் நல்ல மனசுள்ள ஒருவர், ஏழைப் பிள்ளைகள் நாலைந்து பேருக்கு நான் கட்டுகிறேன் என்று முன்வருவார். யார் அந்த நாலைந்து பேர் என்று ஆசிரியர் வகுப்பில் எல்லோர் முன்னாலும் எண்ணிப் பார்ப்பார். கொடுப்பவர் மனசில் குறையில்லை. கொடுக்கும் முறையில்தான் இருக்கிறது. சுற்றுலாப் பணத்தைத் தலைக்கணக்கில் வசூலிக்காமல் வகுப்புக் கணக்கில், பேருந்துக் கணக்கில் ஊர் முழுவதும் சேர்ந்து திரட்ட வேண்டும், அதுவும் அறிவிப்பு வகுப்புக்குப் போவதற்கு முன்பே திரட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

ஒருநாள் சுற்றுலாவுக்கு இத்தனை பேச்சு எதற்கு என்பவர்களுக்கு அமெரிக்காவில் நடந்த ஆய்வு ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆர்கன்சா மாநிலத்தின் பென்டன்வில் ஊரில் 2011 நவம்பரில் கிரிஸ்டல் பிரிட்ஜஸ் என்ற கலை அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அங்கே வரும் பள்ளிகளுக்குப் பேருந்துச் செலவு, பிள்ளைகளின் சாப்பாடு, உடன் வரும் ஆசிரியருக்குப் பதிலாகப் பள்ளியில் பாடம் எடுப்பவரின் சம்பளம் எல்லாவற்றையும் ஓர் அறக்கட்டளை ஏற்றுக்கொண்டது. இடத்துக்கு மேல் விண்ணப்பங்கள் குவிந்ததால் யார் முதலில் வருவது என்று குலுக்கிப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். அதனால், போய் வந்த பிள்ளைகளையும் இன்னும் போகாத பிள்ளைகளையும் நேர்மையாக ஒப்பிட்டுப் பார்க்க வழி கிடைத்தது. 123 பள்ளிகளைச் சேர்ந்த ஏறத்தாழ 11,000 மாணவர்களை ஆய்வாளர்கள் சோதித்தார்கள். ஒரே ஒரு தடவை, அரை நாள் அளவில் போய் வந்த பிள்ளைகளுக்கே கூர்ந்து பார்க்கும் திறனும் பிறர் நிலையில் நின்று எண்ணும் மனமும் கூடியிருந்தன. கிராமத்துப் பிள்ளைகளிடமும் வறுமை மிகுந்த பள்ளிகளின் பிள்ளைகளிடமும் அந்தப் பலன் மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு இருந்தது. நம் வழக்கப்படி முதலில் விடுபட்டுப் போகிறவர்கள் அவர்கள்தான். பலன் அதிகம் சேரக்கூடிய பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு, எப்படியும் நாலு இடம் பார்த்துவிடக்கூடிய பிள்ளையைப் பேருந்தில் ஏற்றிப் போகிறோம்.

பொதுவில் பணம் போட்டுப் பயணத்துக்கு உதவுவது நமக்குப் புதிதில்லை. காசியில் நாட்டுக்கோட்டை நகரச் சத்திரம் 1863-இல் தொடங்கியது. செட்டிநாட்டிலிருந்து அத்தனை தூரம் போகிறவருக்கு இறங்க ஓர் இடமும் வேளைக்குச் சாப்பாடும் வேண்டும் என்று எண்ணிப் பலர் சேர்ந்து செய்த ஏற்பாடு அது. பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் கொடுக்கல் வாங்கல் செய்த காலத்தில் நகரத்தார் வரவில் ஒரு சிறு பங்கை மகமை என்று தனியே எழுதி வைத்தார்கள். கோயிலும் பள்ளியும் அதில் எழுந்தன. மகமையில் எனக்குப் பிடித்தது, அதில் கொடுப்பவர் பெயரும் பெறுபவர் பெயரும் எதிரெதிரே நிற்பதில்லை. சத்திரம் பெரும்பாலும் நம் இனத்தாருக்காகக் கட்டப்பட்டது, உண்மைதான். இன்று ஊர்ப் பள்ளியில் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். மகமையும் அத்தனை பேருக்குமாக விரிய வேண்டும். பயணத்தின் அருமையும் நமக்குத் தெரியும்: திருத்தலங்களைச் சுற்றிவந்து ‘திருத்தலப் பயணம்’ எழுதிய ராய. சொக்கலிங்கம் பிறந்த ஊர் நம்முடையது.

பணம் வரும் வழிகளைப் பார்ப்போம். வெளிநாட்டுப் பள்ளிகள் பலவற்றில் பிள்ளைகள் கையில் மிட்டாயும் பிஸ்கட்டும் கொடுத்து வீடு வீடாக விற்கச் சொல்கிறார்கள். அது நமக்கு வேண்டாம். வசதியான வீட்டுப் பிள்ளை மாமா, சித்தப்பாவிடமே விற்று முடித்துவிடும். கூலி வேலைக்குப் போகிறவர் பிள்ளை யாரிடம் விற்கும்? பரிசுச் சீட்டுக் குலுக்கலும் வேண்டாம். தமிழ்நாட்டில் லாட்டரி 2003 முதல் தடைசெய்யப்பட்டது. நம்மிடம் இவற்றைவிட நல்ல வழிகள் இருக்கின்றன. திருக்கார்த்திகை கழிந்து இருபத்தோராம் நாள் வரும் பிள்ளையார் நோன்புக்கு வெளிநாட்டிலும் நகரத்தார் கூடி, நோன்பை நிறைவுசெய்யும் இழையை எடுத்துக்கொள்கிறோம். கூடும் இடங்களில் மங்கலப் பொருள்களை ஏலம் விட்டுச் சங்கத்துக்கு நிதி சேர்ப்பதும் உண்டு. அந்த ஏலத்தில் ஒரே ஒரு பொருளை ஊர்ப் பள்ளிச் சுற்றுலாவுக்கென்று ஒதுக்கிவிட்டால் ஆண்டுதோறும் தவறாமல் வரும் வரவு அது. அடுத்தது விசேஷங்கள். அறுபதாம் கல்யாணத்துக்கும் பிள்ளைகள் திருமணத்துக்கும் வெளிநாட்டிலிருந்து வந்து ஊரில் பந்தி நடத்துகிறோம். சமையல், பந்தல், மேளம் என்று போடும் செலவுக் கணக்கில் பள்ளி மகமை என்று ஒரு வரி சேர்த்தால் கை கனக்காது. ஒரு பேருந்துக்கு வாடகை, சாப்பாடு, நுழைவுக் கட்டணம் எல்லாம் சேர்த்து முப்பதாயிரம் ரூபாய் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து வீட்டு விசேஷத்தில் மூவாயிரம் வீதம் வந்தால் ஒரு வகுப்பு கிளம்பிவிடும்.

பலகாரமும் ஒரு வழி. தேன்குழல், சீப்புச் சீடை, மனகோலம், அதிரசம் செய்யும் கை ஊரில் இருக்கிறது. வாங்கும் வாய் இங்கே இருக்கிறது. உணவு உரிமம் பெற்ற மகளிர் குழுவிடம் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முன்கூட்டியே மொத்தமாகச் சொல்லி வைத்து வழக்கமான விலைக்கு வாங்குவோம். தங்கள் லாபத்தில் எவ்வளவு பள்ளிக்குத் தருவது என்பதை அந்தப் பெண்களே முடிவு செய்யட்டும். அவர்கள் உழைப்பை இலவசமாகக் கேட்க நமக்கு உரிமையில்லை.

கழிப்பறையும் குடிநீரும் ஆய்வகமும் குறைவாயிருக்கச் சுற்றுலா ஆடம்பரம் இல்லையா என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அந்தப் பணிகளுக்கு வாசல் ஏற்கெனவே திறந்திருக்கிறது. ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டத்தை அரசு 2022 டிசம்பரில் தொடங்கியது. கட்டடத்துக்கு அதன் வழியாகக் கொடுக்கலாம். கட்டடத்துக்குக் கல்வெட்டு உண்டு, கொடுக்கவும் ஆள் உண்டு. சுற்றுலாவுக்குக் கல்வெட்டு கிடையாது. கேட்பாரில்லாமல் கிடப்பதும் அதனால்தான். இலவசமாகக் கொடுத்தால் அருமை தெரியாது என்று வேறு சிலர் சொல்வார்கள். அவர்களுக்கு இங்கிலாந்தின் முறையைச் சொல்லலாம். அங்கே 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி, பள்ளி நேரத்தில் போகும் சுற்றுலாவுக்குப் பெற்றோரிடம் கட்டாயமாகப் பணம் வாங்கக் கூடாது. விரும்பினால் தரலாம் என்று கேட்கலாம். தராத வீட்டுப் பிள்ளையை விட்டுப் போகக் கூடாது. நாமும் ஒரு மூடிய பெட்டியை வைப்போம். முடிந்தவர் முடிந்ததைப் போடட்டும். யார் எவ்வளவு போட்டார் என்று எழுத வேண்டாம். அரசு பார்த்துக்கொள்ளாதா என்றால், போட்டிகளில் வென்ற அரசுப் பள்ளி மாணவர்களை அது வெளிநாடு வரைக்கும் அழைத்துப் போகிறது. மனமாரப் பாராட்ட வேண்டிய செயல். ஆனால் அது வென்றவர்களுக்கான பரிசு. நாம் பேசுவது கடைசி பெஞ்சுவரை முழு வகுப்பையும் பற்றி. ஒரே பணக்காரர் மொத்தத்தையும் கொடுத்தால் வேலை எளிதில் முடியுமே என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: அவர் தொழில் நொடித்தால் மறு ஆண்டு பேருந்து நின்றுவிடும். பர்மாச் சொத்து கைவிட்டுப் போன கதையை அறிந்த ஊரில் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

தூர தேசம் போனால்தான் சுற்றுலா என்றும் இல்லை. காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வரவழைத்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953-இல் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். செப்டம்பர் 26, அதன் தாய் நிறுவனமான அறிவியல் தொழில் ஆய்வு மன்றத்தின் நிறுவன நாள். அதை ஒட்டி ஆய்வகங்களைப் பொதுமக்கள் பார்க்கத் திறந்துவிடுவது வழக்கம். மின்கலம் எப்படி வேலை செய்கிறது என்பதை அதைச் செய்கிறவரிடமே கேட்டுவிட்டு மாலைக்குள் வீடு திரும்பலாம். முதல் சுற்றுலா அதுவாக இருக்கட்டும். அடுத்து நம் மாவட்டத்திலேயே உள்ள கீழடி. அங்கே அகழ்ந்தெடுத்தவற்றுக்காக 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகம் பக்கத்துக் கொந்தகையில் இருக்கிறது. ராமேசுவரம் போவதென்றால் ரயில் இருக்கிறது. கிராமப்புற அரசுப் பள்ளி மாணவர்கள் ஆண்டுக்கொருமுறை கல்விச் சுற்றுலா போக இரண்டாம் வகுப்புக் கட்டணத்தில் 75 விழுக்காடு தள்ளுபடி தருவது ரயில்வேயின் விதி. தலைமையாசிரியர் முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும்.

வெளிநாட்டில் இருக்கும் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. இந்தியக் குடியுரிமை உள்ளவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவதை 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் வெளிநாட்டு நன்கொடையாகக் கருதுவதில்லை. குடியுரிமை மாறியவர் அனுப்பினால் வெளிநாட்டு நன்கொடைதான்; வாங்கும் அமைப்புக்கு அதற்கான பதிவோ முன் அனுமதியோ வேண்டும். ஊருக்கு வருகிறவர் பையில் பணத்தைக் கொடுத்துவிடும் பழக்கத்தை இந்தக் காரியத்தில் விட்டுவிடுவோம். ஆடிட்டர் ஒருவரிடம் கேட்டபின் கணக்குத் தொடங்குங்கள். வரவையும் செலவையும் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வாசியுங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர்கள், கேள்வி கேட்கவும் அவர்களுக்கே முதல் உரிமை.

ஜூனில் பள்ளி திறந்ததும் கூடும் முதல் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். எந்த வகுப்பு, எந்த இடம், எந்த மாதம், பேருந்துக்கு எவ்வளவு, உடன் போகும் ஆசிரியைகள் எத்தனை பேர், வழியில் பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை எங்கே என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள். பிள்ளையார் நோன்பு பெரும்பாலும் மார்கழியில் வருகிறது. ஏலம் தொடங்குவதற்கு முன் கூட்டத்தில் வாசிக்க அந்தத் தாள் கார்த்திகைக்குள் எங்கள் கைக்கு வந்தாக வேண்டும்.

அன்புடன்,
சிங்கப்பூரில் வாழும் அமராவதிபுதூர்க்காரர்