தாய்க்குப் பரீட்சை, சர்க்காருக்கு?

குறைமாதத்தில் பிறந்த குழந்தையை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்புமுன் தாயைச் சோதித்துப் பார்க்கிறார்கள். பாலைப் பீய்ச்சிப் பாலாடையால் ஊட்டத் தெரிகிறதா? குழந்தையின் உடம்பு சில்லிட்டால் கண்டுகொள்வாளா? மூச்சுத் திணறினால் உடனே தூக்கிக்கொண்டு வருவாளா?

இந்தச் சோதனை அவசியமே. 37 வாரம் நிறையுமுன் பிறந்த சிசுவால் தன் உடற்சூட்டைக் காத்துக்கொள்ள முடியாது. உறிஞ்சிக் குடிக்கும் பலமும் போதாது. சோதனையை நாம் எதிர்க்கவில்லை. தேறாதவள் மீது சுமத்தப்படும் பழியைத்தான் எதிர்க்கிறோம்.

"படிப்பில்லாதவள், சுத்தம் அறியாதவள், இவளை நம்பிப் பிள்ளையைக் கொடுக்கலாமா?" என்று கேட்கும் கனவான்களே! கோட்டூர்புரத்துக்கு வாருங்கள். ஒரு பக்கம் குடிசை மாற்று வாரியம் கட்டிய குடியிருப்பு, மறுபக்கம் பங்களாக்கள். பங்களாப் பிள்ளைகளைக் குளிப்பாட்டிச் சோறூட்டித் தூங்க வைப்பவள் யார்? வாரியக் குடியிருப்புத் தாய்தானே! ஊரார் பிள்ளைக்குத் தகுதியான கை, தன் பிள்ளைக்கு மட்டும் தகுதியற்றுப் போய்விடுமா?

விஞ்ஞானம் சொல்வது என்ன?

1978-இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் இன்குபேட்டர் பற்றாக்குறை. டாக்டர் எட்கர் ரே, சிசுவைத் தாயின் மார்போடு அணைத்துக் கட்டச் செய்தார். அதுவே கங்காரு முறை. பிற்பாடு டில்லி சப்தர்ஜங் ஆஸ்பத்திரி உட்பட 5 நாடுகளில் 3,211 எடை குறைந்த சிசுக்களிடம் நடந்த ஆய்வு 2021-இல் வெளிவந்தது. உடல்நிலை சீரான பிறகே தாயின் மார்புக்கு வந்த சிசுக்களில் 28 நாளுக்குள் நூற்றுக்கு 15.7 மாண்டன. பிறந்தது முதலே தாயோடு இருந்தவற்றில் 12. மறு ஆண்டு உலக சுகாதார ஸ்தாபனம் இதையே சிபாரிசு செய்தது.

ஆகவே தாய் வெறும் பார்வையாளர் அல்ல, அவளே மருந்து! அவளைக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டுக் கடைசி நாளில் "உனக்கு ஒன்றும் தெரியவில்லையே" என்பது என்ன நியாயம்? கற்றுத்தராத பாடத்தில் பரீட்சையா?

எட்டு மணி நேரத்துக்குக் கூலி எங்கே?

கங்காரு முறைக்கு நாளொன்றுக்கு 8 மணி நேரமாவது வேண்டும். அது ஒரு தொழிலாளியின் முழு வேலை நாள்! வீட்டு வேலை செய்யும் தாய் அதை எங்கே போய்த் தேடுவாள்? 2017-இல் சட்டம் திருத்தி 26 வாரச் சம்பள விடுப்பு தந்தார்கள். ஆனால் கடைகளிலும் மற்ற ஸ்தாபனங்களிலும் 10 பேராவது வேலை செய்தால்தான் அது செல்லும். 2020-இன் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் அதே வேலிதான். ஒரு வீட்டில் ஒருத்தியாகப் பாத்திரம் தேய்ப்பவள் வேலிக்கு வெளியே. குறைப் பிரசவத்தால் தாய் நோயுற்றால் மேலும் ஒரு மாதம் விடுப்பு உண்டு. அதுவும் வேலிக்கு உள்ளே இருப்பவளுக்கே.

தாயின் திறமை பிறவிக் குணமல்ல. கட்டிலும், கற்பிக்கும் நர்ஸும், பட்டினியில்லாத ஓய்வும் சேர்ந்தால் வருவது. எனவே கேட்கிறோம்:

சிசுப் பிரிவில் ஒவ்வொரு சிசுவின் பக்கத்திலும் தாய்க்கு ஒரு கட்டில் போடு!

கற்பிக்கப் போதுமான நர்ஸுகளை நிரந்தரமாக நியமி!

வீட்டு வேலை செய்யும் தாய்மாருக்கும் சம்பளத்துடன் பிரசவ விடுப்பு கொடு. ஆஸ்பத்திரியில் கழிந்த நாட்களை அதில் கழிக்காதே!

இவற்றைச் செய்த பிறகு தாயைச் சோதியுங்கள். அதுவரை பரீட்சையில் தோற்றது சர்க்கார்தான், தாயல்ல.