விழுவது விமானம், பழி யார் தலையில்?



எலகங்காவில் விமானக் கண்காட்சி வந்துவிட்டால் நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் போக மனம் வராது. மொட்டை மாடியில் ஏறி, காதைப் பொத்திக்கொண்டு, "அப்பா, அதோ போகுது பார்!" என்று குதிப்பார்கள். நானும் அவர்களோடு நின்று வாயைப் பிளந்து பார்த்தவன்தான். ஆனால் 2019 பிப்ரவரியில் பெங்களூர் வானம் வேறு காட்சியைக் காட்டியது. முதல் தேதியன்று எச்.ஏ.எல். விமான நிலையத்தில், புதுப்பித்து முடித்த மிராஜ்-2000 விமானமொன்று சோதனை ஓட்டத்தில் நொறுங்கி இரண்டு விமானிகள் மாண்டார்கள். 19ஆம் தேதி எலகங்காவில், கண்காட்சிக்கான ஒத்திகையில் சூரியகிரண் குழுவின் இரண்டு ஹாக் விமானங்கள் நடுவானில் மோதின. ஒரு விமானி உயிரிழந்தார்.

இரண்டொரு நாள் பத்திரிகையில் படம் வரும். மந்திரிகள் இரங்கல் சொல்வார்கள். "விசாரணைக்கு உத்தரவு" என்று ஒரு வரி வரும். அதற்குப் பிறகு? அந்த விசாரணை என்ன சொன்னது என்று உங்களில் யாராவது படித்ததுண்டா? நான் படித்ததில்லை. படிக்க முடியாது. ராணுவ விமான விபத்தின் விசாரணை அறிக்கை பொதுமக்கள் கைக்கு வருவதில்லை. அதைப் பற்றித்தான் இந்த மாதம் எழுதுகிறேன்.

மிக்-21 கதையை எடுத்துக்கொள்வோம். 1963ல் சோவியத் நாட்டிலிருந்து வந்தது. 1971 போரில் நாட்டுக்காகப் பறந்தது. டாக்காவில் கவர்னர் மாளிகையைத் தாக்கியது அதுதான். அந்தப் பெருமையை யாரும் மறுக்கவில்லை. 2025 செப்டம்பர் 26ல் சண்டிகரில் அதற்கு விடைகொடுத்தார்கள். 62 ஆண்டு! 1963ல் அதை ஓட்டியவரின் பேரன் வயதுப் பையனும் அதையே ஓட்டினான்.

இதற்கு நாம் கொடுத்த விலை என்ன? 2012ல் பாதுகாப்பு மந்திரியாயிருந்த ஏ.கே. அந்தோணி நாடாளுமன்றத்தில் கணக்குச் சொன்னார். எல்லா வகையும் சேர்த்து வாங்கிய மிக் விமானங்கள் 872. 1971-72 முதல் 2012 ஏப்ரல் வரை நடந்த விபத்துகள் 482. மாண்ட விமானிகள் 171 பேர். பொதுமக்கள் 39 பேர். இது எதிரி சுட்டு வீழ்த்திய கணக்கல்ல, தோழர்களே, விபத்துக் கணக்கு.

காரணம் என்ன? மனிதத் தவறு, இயந்திரக் கோளாறு என்று இரண்டு காரணம் சொன்னார்கள். "மனிதத் தவறு" என்ற சொல்லைக் கேட்டதும் நமக்கு என்ன தோன்றுகிறது? பையன் சரியாக ஓட்டவில்லை என்றுதானே? அந்தப் பையனுக்கு எப்படிக் கற்றுக்கொடுத்தார்கள் என்று பார்க்க வேண்டாமா?

மிக்-21 தரையிறங்கும்போதே மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் வேகம். அதற்கு முன் நம் விமானிகள் பழகியது கிரண் என்ற மெதுவான பயிற்சி விமானத்தில். இரண்டுக்கும் நடுவே ஒரு படி வேண்டும், உயர்நிலைப் பயிற்சி விமானம் வாங்குங்கள் என்று 1982ல் லாஃபோன்டைன் குழு சொல்லிவிட்டது. போர் விமான விபத்துகளை ஆராய 1997ல் நம் ராமேசுவரத்து அப்துல் கலாம் தலைமையில் இன்னொரு குழுவும் அமைத்துப் பார்த்தார்கள். ஹாக் விமானத்துக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது எப்போது? 2004ல்! விமானம் வந்து சேர்ந்தது 2007 கடைசியில். கால் நூற்றாண்டு கோப்பு மேசை மேசையாய் நகர்ந்தது. அதற்குள் எத்தனை பிள்ளைகள் மாட்டுவண்டி ஓட்டிப் பழகிய கையோடு பந்தயக் குதிரையில் ஏற்றப்பட்டார்கள்! அதில் விழுந்தவன் செய்தது "மனிதத் தவறு" என்றால், கோப்பை நகர்த்தாமல் வைத்திருந்தவர்கள் செய்ததற்குப் பெயர் என்ன? அவர்களும் மனிதர்கள்தானே?

செத்தவன் எழுந்து வந்து பதில் சொல்ல மாட்டான். அவனைப் பெற்றவள்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. 2001 செப்டம்பரில் ராஜஸ்தானின் சூரத்கரில் மிக்-21 விழுந்து அபிஜித் காட்கில் என்ற இளம் விமானி இறந்தார். பழி அவர்மீது விழுந்தது. தாயார் கவிதா காட்கில் அதை ஏற்க மறுத்து ஆண்டுக்கணக்கில் போராடினார். பிள்ளையைப் பறிகொடுத்த தாய், அவன் பெயரையாவது மீட்கத் தெருவுக்கு வர வேண்டிய நிலை!

இன்னொரு வழக்கு நம் தொழிற்சங்கத் தோழர்கள் அவசியம் அறிய வேண்டியது. 2005ல் மிக்-21 விபத்தில் குதித்துத் தப்பிய ஒரு விமானிக்கு முதுகெலும்பில் காயம். மறுபடி போர் விமானம் ஓட்ட முடியவில்லை. கோளாறு தயாரிப்பில் என்று தெரிந்ததும் அவர் நீதிமன்றம் போனார். 2017ல் டெல்லி உயர் நீதிமன்றம், சர்க்காரும் தயாரித்த நிறுவனமும் சேர்ந்து 55 லட்சம் ரூபாய் கொடுக்க உத்தரவிட்டது. பாதுகாப்பான சூழலில் வேலை செய்வது விமானிக்கும் உரிமை என்றது. லேத் பட்டறையில் கை போன தொழிலாளிக்காக நாம் கேட்கிற அதே நியாயம்! சீருடை போட்டாலும், ஆகாயத்தில் வேலை செய்தாலும், உழைப்பவன் உழைப்பவன்தான்.

இனி, கீழே இருப்பவர்களைப் பார்ப்போம். 2002 மே 3ல் ஜலந்தரில் மிக்-21 ஒரு வங்கிக் கட்டடத்தின்மேல் விழுந்து எட்டுப் பேர் இறந்தார்கள். 2023 மே 8ல் ராஜஸ்தான் அனுமான்கர் மாவட்டத்தில் ஒரு கிராமத்து வீட்டின்மேல் விழுந்து மூன்று பெண்கள் இறந்தார்கள். விமானி குதித்துப் பிழைத்தார்; அதில் நமக்குச் சந்தோஷம்தான். ஆனால் வீட்டுக்குள் இருந்த பெண்களுக்குக் குதிக்க இருக்கை இல்லை. பக்கத்து நாட்டில் 2025 ஜூலை 21ல் டாக்கா நகரப் பள்ளிக்கூடத்தின்மேல் ஒரு போர் விமானம் விழுந்தது. மிக்-21ஐப் பார்த்துச் சீனா செய்த விமானம். முப்பதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள், பெரும்பாலும் குழந்தைகள்.

இது நமக்கு எட்டாத சங்கதி அல்ல. பிழைக்க வந்த ஊரில் வாடகை குறைவான இடம் பார்த்துக் குடியேறுகிறோம். விமானம் தலைக்குமேல் உறுமுகிற இடத்தில் வாடகை குறைவு. நாளைக்கு ஒன்று நடந்தால், வீட்டுக்காரருக்கு இடிந்த சுவருக்குப் பணம் வரலாம். குடியிருந்தவனுக்கு?

மிக்-21 போய்விட்டதே, இனி என்ன கவலை என்பார்கள். 2025ல் மட்டும் மூன்று ஜாகுவார் விமானங்கள் விழுந்து மூன்று விமானிகள் இறந்தார்கள். பிரிட்டனும் பிரான்சும் எப்போதோ ஓய்வு கொடுத்துவிட்ட விமானம் அது. அதே ஆண்டு நவம்பரில் துபாய்க் கண்காட்சியில் தேஜஸ் விழுந்து ஒரு விமானி இறந்தார். தேஜஸ், நம் பெங்களூரில் எச்.ஏ.எல். தொழிலாளர்கள் கையால் உருவாகும் விமானம். காரணம் வெளிவராவிட்டால் ஊர் வாய் என்ன சொல்லும்? விமானி சரியில்லை என்று பாதி; செய்தவன் சரியில்லை என்று மீதி. உண்மை வெளியே வந்தால்தான் ஒழுங்காக வேலை செய்த தொழிலாளிக்கும் பாதுகாப்பு.

"ராணுவ ரகசியம், இதையெல்லாம் கேட்பது தேசத் துரோகம்" என்று சிலர் கிளம்புவார்கள். ராணுவத்துக்குப் பிள்ளைகளை அனுப்புகிற வீடுகள் நம் வீடுகள். நமக்குத் தேசபக்தி பாடம் வேண்டாம். ரேடாரின் ரகசியத்தையோ ஏவுகணையின் தூரத்தையோ நாம் கேட்கவில்லை. ஏன் விழுந்தது, மறுபடி விழாமலிருக்க என்ன செய்தீர்கள் என்றுதான் கேட்கிறோம். விமானிகள் தவறே செய்வதில்லை என்றும் நான் சொல்லவில்லை. 2017 முதல் 2022 வரை விமானப்படையில் நடந்த 34 விபத்துகளில் 19க்கு விமானக் குழுவினரின் தவறே காரணம் என்று நாடாளுமன்றக் குழுவிடம் சொல்லியிருக்கிறார்கள். இருக்கலாம். ஆனால் அதைச் சொன்னதும் விசாரணை அங்கே முடியக் கூடாது. அங்கேதான் தொடங்க வேண்டும். எத்தனை மணி நேரம் தூங்கினார்? எத்தனை மணி நேரம் பழகினார்? கிளம்புமுன் விமானத்தைச் சரிபார்க்க எவ்வளவு நேரம் கொடுத்தார்கள்?

நான் ரயில்வே குமாஸ்தா. எனக்குத் தெரிந்த ஓர் ஏற்பாட்டைச் சொல்கிறேன். பெரிய ரயில் விபத்து நடந்தால் விசாரிப்பவர் ரயில்வே பாதுகாப்பு ஆணையர். அவர் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லை. விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கிறார்! ஏன்? தன் குற்றத்தைத் தானே விசாரிக்கக் கூடாது என்பதற்காக. அந்த ஆணையத்தின் ஆண்டறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்படுகிறது. ரயில் விபத்தில் பயணி இறந்தால் நஷ்டஈடு எட்டு லட்சம் என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. குறைகள் ஆயிரம் இருக்கலாம், ஏற்பாடாவது இருக்கிறது. தண்டவாளத்துக்கு உள்ள நியாயம் ஆகாயத்துக்கு ஏன் கூடாது?

ஆகவே நம் கோரிக்கைகள் மூன்று:

ஒன்று: போர் விமான விபத்துகளை விசாரிக்க, விமானப்படைக்கும் தயாரிப்பு நிறுவனத்துக்கும் கட்டுப்படாத தனி அமைப்பு வேண்டும். ரகசியப் பகுதியை நீக்கிவிட்டு, காரணத்தையும் எடுத்த நடவடிக்கையையும் நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும்.

இரண்டு: தரையில் இறப்போருக்கும் காயம்படுவோருக்கும் தொகையும் கெடுவும் குறித்துச் சட்டம் வேண்டும். வாடகைக்குக் குடியிருப்பவரும், கூலி வேலைக்கு வந்தவரும் அதில் அடங்க வேண்டும்.

மூன்று: ஆயுள் முடிந்த விமானத்தை இன்னும் எத்தனை ஆண்டு ஓட்டப்போகிறோம் என்பதைச் சர்க்கார் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

இவற்றை மனுவாக எழுதி, கிளைதோறும் கையெழுத்து வாங்கி, நம் தொகுதி எம்.பி.க்களிடம் கொடுப்போம். தமிழில் கையெழுத்துப் போட்டாலும் செல்லும், கைநாட்டும் செல்லும்.

பிள்ளைகள் மாடியேறி விமானம் பார்க்கட்டும். அதை ஓட்டுகிறவனும் ஒரு வீட்டுப் பிள்ளை. அவன் பத்திரமாக இறங்க வேண்டும். கீழே நிற்கும் நம் பிள்ளையும் பத்திரமாக வீடு திரும்ப வேண்டும். அதற்குத்தான் கேட்கிறோம்.